எந்த வரிசையில் நிற்பாள்?

"நான் எந்த வரிசையில நிக்கணும்மா?" ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகள் கேட்ட இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை.

கோவில்பட்டியில் அவள் படிக்கும் பள்ளியில் சாரணியர் குழு உண்டு. அங்கே சர்வ சமயப் பிரார்த்தனையின்போது ஒவ்வொரு மதத்துப் பிள்ளைகளும் தனி வரிசையாக நின்று தங்கள் பாடலைப் பாட வேண்டும். நான் இந்து, கணவர் கத்தோலிக்கர். வளர்ந்த பிறகு அவளே முடிவு செய்யட்டும் என்று விட்டிருந்தோம். பிள்ளை தனியாக நின்றுவிடுவாளோ என்று பயந்து, பிரார்த்தனை நாளன்று விடுப்புப் போட்டுவிட்டு மைதானத்துக்கே போனேன்.

நான் பயந்தபடியே, இரண்டு வரிசைக்கும் நடுவில் ஷூவில் ஒட்டிய கரிசல் மண்ணைப் பார்த்தபடி நின்றாள். அழைத்துவர எழுந்தேன்.

அதற்குள் மாதா பாட்டு வரிசையிலிருந்து ஒருத்தி, "ஏட்டி, இங்கன வா" என்றாள்.

பிள்ளையார் பாட்டு வரிசையிலிருந்து இன்னொருத்தி ஓடிவந்து கையைப் பிடித்தாள். "இவ எங்ககூடத்தான் நிப்பா டீச்சர். எங்க பாட்டுக்குச் சத்தமே பத்தல. இவளுக்குத்தான் பெரிய தொண்ட."

டீச்சர் சிரித்துவிட்டார். "சண்ட போடாதீங்க புள்ளைகளா. மொதல்ல அங்கன பாடட்டும், பொறவு இங்கன வரட்டும்."

இரண்டிலும் பாடினாள். இஸ்லாமியப் பாடலுக்கும் யாரும் கூப்பிடாமலே போய் நின்றுகொண்டாள். நான் ஒரு வாரம் தூங்காமல் கவலைப்பட்ட விஷயம், அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு விஷயமாகவே தெரியவில்லை.

அடுத்த மாதம் மாவட்ட முகாம். அங்கே ஒருவருக்கு ஒரு வரிசைதானாம். அவளே தேர்ந்தெடுக்கட்டும் என்று விடுவது சரியா, அல்லது எங்கள் வேலையை அவள் தலையில் கட்டுகிறோமா? எங்களைப் போன்ற குடும்பத்தில் பிள்ளை வளர்த்தவர்கள் இருந்தால், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்களேன்.