காய் பிடிக்காத அரசாணிக்கொடி

போன மார்கழித் தொடக்கத்தில் என் கொடியில் பூத்த பூவை நான் கொடியில் அதிகம் பார்த்ததில்லை. பொழுது புலர்வதற்குள் அது வாசலுக்கு வந்துவிடும். என் கணவரின் அண்ணன் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், அதைப் பறித்துச் சாணி உருண்டையில் செருகிக் கோலத்தின் நடுவே வைத்துவிடுவார். எருமப்பட்டியில் எல்லா வாசலிலும் ஏதாவதொரு பூ அப்படித்தான் இருக்கும். ரங்கூனில் நாங்கள் பரங்கி என்போம், பர்மாக்காரர்கள் பயோன்தி என்பார்கள், இங்கே அரசாணி. மூன்று பெயர் தெரிந்தும் அதுவரை ஒரு காய்கூட எனக்கு வாய்க்கவில்லை.

ரங்கூனில் விழுந்த குண்டுக்குப் பயந்து ஓடிவந்தவள் நான். என்னைக் கப்பலேற்றிவிட்டு, “அடுத்த கப்பல்ல வந்துடறேன்” என்ற கணவர் இன்னும் வரவில்லை, கடிதமும் இல்லை. அந்த மார்கழிக்கே பத்து மாதமாக அவர் அண்ணன் வீட்டு ராகிக்களி. பதிலுக்குக் கொடுக்க என்னிடம் இருந்தது நான் போட்ட அந்தக் கொடி ஒன்றுதான். அதிலோ பிஞ்சு பிஞ்சாக மஞ்சளித்து உதிர்ந்தது. எரு வைத்தேன், சாம்பல் தூவினேன், கண்ணேறுக்குப் பழஞ்செருப்புகூடக் கட்டினேன். அடுத்தவர் வீட்டுச் சோறு தொண்டையில் எப்படி நிற்கும் என்று, என்னைப்போல் வந்து சேர்ந்த உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

“உனக்குக் கைராசி இல்ல சாமி, உடு” என்றார் அக்கா. குத்தலில்லை, இரக்கம்தான். அதுதான் அதிகம் வலித்தது.

ரங்கூன் மழையில் வண்டு வராது. பக்கத்து வீட்டுப் பர்மாக்காரி ஆண் பூவை ஒடித்து, பிஞ்சு உள்ள பூவுக்குள் தேய்ப்பாள். ஏதோ மந்திரம் என்று நான் சிரித்திருக்கிறேன். ஆண் பூவின் தூள் பட்டால்தான் பிஞ்சு நிற்கும் என்பது அப்போதுதான் உறைத்தது. அக்கா பிஞ்சுள்ள பூவைத் தொடுவதில்லை. காம்பு நீண்ட ஆண் பூக்களைத்தான் பறிக்கிறார். அக்கம்பக்கத்தில் வேறு கொடியும் இல்லை.

“அக்கா, அந்தப் பூவைப் பறிக்காதீங்க. அது இல்லாமத்தான் பிஞ்சு உதிருது.”

“அது காய்க்காத பூவுதான சாமி? மார்கழில வாசல் வெறுசாக் கெடக்கலாமா?”

ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டலாமா? மறுநாளிலிருந்து அவருக்கு முன்னே எழுந்து, ஆண் பூவைப் பறித்து, பிஞ்சுள்ள பூவில் தேய்த்துவிட்டு, அவர் கையில் கொடுத்தேன். வாங்கிச் சாணியில் செருகினார். ஐந்து பிஞ்சு நின்றது.

பங்குனியில் முதல் காயை அறுத்தபோது, “எங்கூட்டுக் காயி” என்று தெருவெல்லாம் சொன்னார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. விதையைக் காயவைத்து, பாதியை ஆடி விதைப்புக்குப் பானையில் போட்டார். மீதியைத் துணியில் முடிந்து என்னிடம் நீட்டினார்.

“உங்கூருக்குப் போறப்பக் கொண்டு போ சாமி.”

அன்பாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. முடிச்சை என் கணவரின் சட்டையில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். பானை விதை இந்த ஆடியில் முளைத்துவிட்டது. பெட்டியில் இருப்பதற்கு நான் எந்த மண்ணைச் சொல்ல?