இருநூற்று நான்காம் பக்கம்

பிறப்பு: 14 நவம்பர் 1969. தொழில்: லிப்ட் மெக்கானிக், ஒரே நிறுவனத்தில் முப்பத்தொரு ஆண்டுகள். கல்வி: பத்தாம் வகுப்பு, இரண்டாண்டுத் தொழிற்பயிற்சி. மனைவி: துணிகளைப் பிரித்துத் தைத்துக் கொடுக்கும் ஆல்டரேஷன் கடை நடத்துபவர், என் அப்பாவின் தங்கை. பிள்ளைகள் இல்லை. ஜப்பானிய மொழி கற்கத் தொடங்கிய நாள்: 2 மார்ச் 2022. ஆசிரியர்: எவரும் இல்லை.

மேற்கண்டவற்றை மாமாவிடமே கேட்டுச் சரிபார்த்துக்கொண்டேன். எதையும் தேதியிட்டு எழுதி வைக்கும் என் பழக்கத்தால், முதுகலைக்குச் சேர்ந்த நாள் முதல் அவர் என்னைப் பதிவாளரம்மா என்றே அழைக்கிறார்.

தொடக்கத்துக்குக் காரணம் ஒரு விளக்கு. பத்து மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றின் பழைய லிப்ட் மாமாவின் பொறுப்பில் இருந்தது. ஜப்பானில் செய்து வந்த அந்த லிப்டின் இயந்திர அறையில், கோளாறுகளை அறிவிக்கும் எட்டுச் சிறு விளக்குகள் இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் ஜப்பானிய எழுத்தில் ஒரு பெயர். அவற்றை எவரும் மொழிபெயர்த்துத் தரவில்லை. எழுத்தின் உருவத்தைப் பார்த்து மாமாவே பெயர் வைத்துக்கொண்டார். குடை எரிந்தால் கதவில் கோளாறு. மீசை எரிந்தால் எடை கூடுதல். இப்படியே ஏழு விளக்குகளோடு பத்தொன்பது ஆண்டுகள் ஓடின. எட்டாவது விளக்கு எரிந்ததே இல்லை. ஆகவே அதற்குப் பெயரும் இல்லை.

2022 மார்ச் 1, முற்பகல் 11.20க்கு அது எரிந்தது. ஆறாம் மாடிக்கும் ஏழாம் மாடிக்கும் நடுவில் லிப்ட் நின்றுவிட்டது. உள்ளே இருந்த பெண் குமாஸ்தா ஒருவர் இன்டர்காமில் என்ன கோளாறு என்று கேட்டார். மாமாவிடம் பதில் இல்லை. நாற்பது நிமிடங்களில் மோட்டார் சக்கரத்தைக் கையால் சுழற்றி லிப்டை இறக்கிவிட்டார்.

"அந்தம்மா நன்றி சொல்லிட்டுப் போயிட்டாங்க. எனக்குத்தான் அன்னிக்குச் சாப்பாடு இறங்கலை," என்று பின்னர் என்னிடம் சொன்னார்.

மறுநாள் பழைய புத்தகக் கடையில் ஒரு சுயகற்றல் நூல் வாங்கினார். எட்டாவது விளக்கின் கீழிருந்த இரண்டு எழுத்துகளைக் கண்டுபிடிக்கப் பதினேழு நாள்கள் ஆயின. 'தண்ணீர் புகுந்துவிட்டது' என்பது பொருள்; லிப்ட் குழியின் அடியில் ஒரு குழாய் கசிந்திருந்தது. இரண்டாவது எழுத்துக்குத் தண்ணீர் என்று அர்த்தம். அதை வீட்டுக்கு வருவோர் போவோருக்கெல்லாம் எழுதிக் காட்டினார்.

தேடியது கிடைத்தபின் வேகம் குறைந்தது. படித்த நாள்களை இயந்திர அறைச் சுவரில் சாக்கட்டியால் கோடிட்டு எண்ணி வந்தார். கோடுகள் நாற்பத்தொன்றில் நின்றன. ஜூன் 4இல் மறுபடி தொடங்கினார். லிப்டின் கையேடு முழுவதையும் படித்துவிடுவது இம்முறை நோக்கம். ஆகஸ்ட் 27இல் கட்டட உரிமையாளர் லிப்டையே மாற்றிவிட்டார். புதியதின் திரை, கோளாற்றை எல்லோருக்கும் புரியும்படி அதுவே எழுதிக் காட்டியது. மூன்று நாள் கழித்து, எண்பத்தெட்டில், கோடுகள் மீண்டும் நின்றன. சுவருக்கு வெள்ளையடித்துவிட்டார்கள்.

அத்தைக்கு அந்த எழுத்துகள் குண்டூசி டப்பாவைக் கொட்டியது போலத் தெரியும். "லிப்டே போயிடுச்சு. இனிமே யாருக்காக இதைப் போட்டு உருட்டுறீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மாமா நான்கு மாதங்கள் எதையும் உருட்டவில்லை.

2023 ஜனவரி 6 அன்று அவர் என்னைத் தேடி வந்தார். ஜப்பானுக்குப் போகும் எண்ணமோ தேர்வு எழுதும் எண்ணமோ தமக்கு இல்லை என்பதை முதலிலேயே தெளிவுபடுத்தினார்.

"காலையில டீ கொதிக்கிற வரைக்கும் கை சும்மா இருக்கு. அதைத்தான் தாங்க முடியலை. நீ கணக்கா ஒரு வழி பண்ணிக் குடு."

நான் ஒரு தடித்த நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் நான்கு விதிகள் எழுதிக் கொடுத்தேன். நாளுக்கு ஒரு பக்கம். பக்கத்துக்குப் பத்து வரி. அடியில் கையொப்பம். ஒரு நாள் தவறினாலும் எண் ஒன்றுக்குத் திரும்பும்.

மாமா நான்காவது விதியை இரண்டு முறை படித்தார். "இந்தத் தடவை ஒண்ணுக்குத் திரும்புச்சுன்னா விட்டுடுவேன், பதிவாளரம்மா. மூணு தடவைக்கு மேல தொடங்குறவனுக்கு ஊர்ல வேற பேரு வெப்பாங்க," என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை. மறுநாள் முதல் பக்கம் எழுதப்பட்டது.

அதன் பிறகு நடந்தவற்றில் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. அதுவே அதன் சிறப்பு. தேநீர் கொதித்தது, அவர் எழுதினார். சில நாள்களில் பத்து வரியும் பத்து வாக்கியங்கள். சில நாள்களில் ஒரே வாக்கியம் பத்து முறை. 131ஆம் பக்கம் முழுவதும் 'இன்று தலைக்குள் எதுவும் போகவில்லை' என்பதே. உடன் வேலை செய்யும் ஸ்பேனர் என்ற பட்டப்பெயர் கொண்டவர், விமானம் எப்போது என்று தினமும் விசாரிப்பார். லிப்டிலேயே போய்விடுவதாக மாமா பதில் சொல்வார். பாடப் புத்தகம் அவருடைய கருவிப் பையில் இருக்கும். அந்தப் பை வீட்டில் எப்போதும் வாஷிங் மெஷினின் மூடி மேல் இருக்கும். அது ஜப்பானிலிருந்து பழையதாக வந்த மெஷின். நான்கு ஆண்டுகளுக்கு முன் வாங்கியது. பையை அதன் மேல் வைக்க வேண்டாம் என்று அத்தை சொல்லிக்கொண்டிருந்ததும் நான்கு ஆண்டுகளாகத்தான்.

ஜூலை 28இல் எண் 203. மறுநாள் விடியலில் அவசர அழைப்பு வந்ததால், மாலையில் எழுதிக்கொள்ளலாம் என்று இருமலோடு கிளம்பிப் போனார். பத்து மணிக்கு வேலையிடத்தில் மயங்கி விழுந்தார். நிமோனியா என்றார்கள். கருவிப் பையை நிறுவனத்தின் கிடங்கில் வைத்துப் பூட்டிவிட்டு, ஸ்பேனர்தான் அவரை மருத்துவமனையில் சேர்த்தார்.

ஆறாம் நாள் காய்ச்சல் இறங்கியது. நான் கட்டிலருகே இருந்தேன். மாமா கேட்ட முதல் கேள்வி, இன்று தேதி என்ன என்பது. ஆகஸ்ட் மூன்று என்றேன். விரல் விட்டு எண்ணத் தொடங்கியவர், மூன்றாம் விரலில் நிறுத்திக்கொண்டார்.

"அந்த நோட்டை எடைக்குப் போட்டுடு."

விதியை எழுதியவளே நான். அத்தை ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார். ஒரு சுளையை அவர் வாயருகே நீட்டி, "முதல்ல இதை முழுங்குங்க," என்றார். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 10 பிற்பகல் மாமா வீடு திரும்பினார். உடல் பாதியாகியிருந்தது. அத்தை அடுப்படியில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருக்க, அவர் மேசையருகே உட்கார்ந்து அதன் மேல் கிடந்த நோட்டைத் தம் பக்கம் இழுத்தார். கடைசியாக ஒரு முறை பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். 203ஆம் பக்கத்தைப் பார்த்தார். தாளைப் புரட்டினார்.

அடுத்த பக்கம் நிறைந்திருந்தது. மேலே தேதி, எண் 204, கீழே பத்து வரி ஜப்பானிய எழுத்து. துணியில் அளவு குறிப்பது போல ஒவ்வொரு எழுத்துக்கும் முதலில் புள்ளிகள் வைத்து, புள்ளிகளை இணைத்து எழுதப்பட்டிருந்தது. 205 இருந்தது, 206 இருந்தது. 209இல் பேனா மை தீர்ந்து, மீதி வரிகள் தையல் சாக்கட்டியில் இருந்தன. 215 வரை ஒரு நாளும் விடுபடவில்லை.

"யாரு எழுதினது இது?"

அத்தை திரும்பாமலே பதில் சொன்னார். "கீழே கையெழுத்து இருக்கே. படிக்கத் தெரிஞ்சவருதானே."

பன்னிரண்டு பக்கங்களிலும் அத்தையின் கையொப்பம் இருந்தது.

மருத்துவமனையிலிருந்து மாலையில் துணி துவைக்க வீட்டுக்கு வரும்போது எழுதியதாக அவர் விளக்கினார். பாடப் புத்தகம் பையோடு கிடங்கில் மாட்டிக்கொண்டது. பை இல்லாததால் வாஷிங் மெஷினின் மூடி வெறுமையாக இருந்தது. அதில் குண்டூசி எழுத்து நிறைய இருந்தது.

"என்ன எழுதினேன்னு எனக்குத் தெரியாது. உங்களைத் திட்டியே எழுதியிருந்தாலும் பரவாயில்லை, பக்கம் நிரம்பினாப் போதும்னுதான் எழுதினேன்."

மாமா விரலை வரியின் மேல் வைத்தார். முதல் சொல் கழுவுதல். இரண்டாவது அலசுதல். மூன்றாவதில் நின்றார். அதன் இரண்டாம் எழுத்து, எட்டாவது விளக்கின் கீழிருந்த அதே எழுத்து. "தண்ணி," என்றார். பிறகு, "தண்ணியை எடுக்கிறது. பிழியறது," என்றார்.

நான்காவது வரி நீளமானது. வரியை நிறைக்க வசதியாக இருந்ததால் அதையே அத்தை அதிகம் எழுதியிருந்தார். பிற்பாடு எண்ணியபோது 120 வரிகளில் 62 அதுவே. அதன் கடைசிப் பகுதி மாமாவுக்கு உடனே பிடிபட்டது. பழைய லிப்டின் கதவில், கை வைக்க வேண்டாம் என்ற அறிவிப்பு அப்படித்தான் முடியும். மீதியைப் புத்தகம் இல்லாமல், முன்னும் பின்னும் போய்வந்து சேர்த்தார்.

"மூடி... மேல... பொருள்..." நிறுத்தினார். "மூடியின் மேல் பொருள்களை வைக்காதீர்கள்."

அத்தை அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்.

"இதைத்தானே நான் நாலு வருஷமா சொல்லிட்டிருக்கேன்?"

மாமா மெஷினைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"நான் சொன்னா உங்க காதுல ஏறாது," என்றார் அத்தை. "அது சொல்றதைக் கேக்கறதுக்கு மட்டும் இருநூறு நாள் படிச்சிருக்கீங்க."

மாமா சிரிக்கத் தொடங்கி, இருமலில் முடித்தார். மூச்சு நிதானித்ததும் என் பக்கம் திரும்பினார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"பதிவாளரம்மா, இது செல்லுமா? நான் எழுதலையே."

முதல் பக்கத்தைத் திறந்து நான்கு விதிகளையும் உரக்கப் படித்தேன். அடியில் கையொப்பம் என்று இருந்ததே தவிர, யாருடையது என்று இல்லை. அதைச் சொன்னேன். மாமா ஒப்புக்கொள்ளவில்லை. பக்கம் நிரம்பியது சரி, படிப்பு நடக்கவில்லையே என்றார். கோளாற்றைச் சரிசெய்யாமல் விளக்கை மட்டும் அணைத்துவிட்டுப் போகிற ஆள் அவர் அல்ல. சிறிது நேரம் யோசித்து, வழியையும் அவரே கண்டுபிடித்தார். கஞ்சியைக் குடித்துவிட்டு, பன்னிரண்டு பக்கங்களின் 120 வரிகளையும், வைக்காதீர்கள் என்பதை அறுபத்திரண்டு முறையும் சேர்த்து, ஒன்று விடாமல் உரக்கப் படித்தார். இடையில் ஐந்து முறை இளைப்பாறினார். அத்தை எதிரில் உட்கார்ந்து, ஒரு காற்சட்டையின் ஓரத்தைப் பிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். முடித்தபோது மணி 5.40. பிறகு 216 எழுதினார்.

அப்பக்கங்களுக்கு எதிரே என் குறிப்பு: எழுதியவர் மனைவி, படித்தவர் கணவர், செல்லும்.

கருவிப் பை இப்போது மேசைக்கடியில் இருக்கிறது. மாமா வெளியூர் வேலைக்குப் போய்த் தங்கும் நாள்களில் அத்தை ஒரு பக்கம் எழுதி வைக்கிறார். திரும்பியதும் அவர் அதைப் படித்துக் காட்டுகிறார். எழுத்தைப் பிடிக்க அத்தைக்கு இப்போதெல்லாம் புள்ளிகள் தேவைப்படுவதில்லை. மூன்று நோட்டுகள் முடிந்து நான்காவது நடக்கிறது.

18 அக்டோபர் 2025 அன்றைய எண் 1,016. அதில் கணவரின் கையொப்பம் 973. மனைவியின் கையொப்பம் 43.