சிசிலி வீட்டுக்கு நான் பார்த்துச் சொன்ன நேரம்

அந்த வீட்டை முதலில் கண்டுபிடித்தது நான்தான். இதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை.

தோர்ண்டன் ஹீத்தில் இருபது வருடமாக வாடகை வீட்டில் இருக்கிறோம். லண்டனில் சொந்த வீடு நடக்கிற காரியமில்லை என்று தெரிந்த பிறகு, சிசிலித் தீவில் விற்பனைக்கு வரும் பாழடைந்த வீடுகளைப் போனில் பார்ப்பது எனக்கு ஒரு வியாதியாகவே பிடித்துக்கொண்டது. இங்கே ஒரு பழைய கார் வாங்கும் காசுக்கு அங்கே மூன்று மாடி. கூரை பாதி விழுந்திருக்கும், சுவரில் செடி முளைத்திருக்கும். இருந்தாலும் வீடு! அதில் ஒன்றில் குசினித் தரை முழுக்க நீலப்பூ ஓடுகள். மாடி ஜன்னலில் இரண்டு கூரைகளுக்கு நடுவே ஒரு துண்டுக் கடல். எந்தச் சுவரை இடிப்பது, சாமியறையை எங்கே வைப்பது என்று ஒரு மாதம் மனதுக்குள் அங்கேயே குடியிருந்தேன்.

பிறகுதான் வாசல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வாசலுக்கு நேர் எதிரே ஒரு தேவாலயம். கோயிலுக்கு நேரே வாசல் இருந்தால் அந்தக் குடும்பம் உருப்படாது என்று கேட்டு வளர்ந்தவள் நான்.

"அது சேர்ச்தானே, எங்கட கோயில் இல்லையே" என்றார் கணவர்.

"ஆருடைய கோயில் எண்டாலும் கோயில் கோயில்தான். எனக்கு வேண்டாம்" என்று அடம்பிடித்து விட்டுவிட்டேன்.

விட்டதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் மன்னாரைச் சேர்ந்த தோழி ஒருத்தி இருக்கிறாள், கத்தோலிக்கப் பெண். தேநீர் இடைவேளையில் அவளிடம் இதை ஒரு பகிடியாகச் சொல்லிப் படங்களையும் காட்டினேன்.

"கதவைத் திறந்தா மாதா கோயிலோ? அக்கா, இதுக்கெல்லாம் குடுத்து வைக்க வேணும்" என்றாள்.

மூன்றாம் மாதம் அவளும் புருஷனும் போய் அந்த வீட்டை எழுதிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

அதன் பிறகு ஒவ்வொரு இடைவேளையும் எனக்குத் தண்டனைதான். புதுக் கூரை, புதுக் குழாய், அழுக்கு நீங்கிப் பளபளக்கும் நீலப்பூ. "நல்ல வடிவு" என்று வாய் சொல்லும், வயிறு எரியும். கூரை வேலைக்கு வந்தவன் பாதியில் விட்டுவிட்டு ஓடிவிட்டான் என்று அவள் அழுத அன்று நான் வீட்டுக்கு வந்து கேசரி கிண்டினேன். என்ன விசேஷம் என்று கணவர் கேட்டார். சும்மாதான் என்றேன்.

எப்படியோ வேலை முடிந்தது. ஒருநாள் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, வாற வெள்ளி பால் காய்ச்சப் போறம். பின்னேரம் ஃபாதர் வந்து வீடு மந்திரிப்பார். எங்கட ஆக்கள் நேரம் பாக்கிறதில்லை. ஆனா வீட்டைக் காட்டினது நீங்கள். காலமை ஒரு நல்ல நேரம் நீங்கள்தான் பாத்துச் சொல்ல வேணும்."

வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை இராகுகாலம். அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் புது உடுப்புக்கூடப் போட மாட்டோம்.

"பத்தே முக்கால். திறமான நேரம்" என்றேன். யோசிக்கவேயில்லை, அப்படியே வாயில் வந்தது.

செவ்வாய்க்கிழமை ஆர்ச்வே முருகன் கோயிலில் நின்றபோது, உண்மையைச் சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தேன். அந்த நேரம் பார்த்து, அங்கே போய்ச் சேர்ந்துவிட்ட அவளிடமிருந்து ஒரு படம் வந்தது. சிசிலி ஜன்னலில் என்னுடைய கடல். போனைத் திரும்பக் கைப்பைக்குள் வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வீடியோவில் கூப்பிட்டாள். குசினியில் உறவினர்கள் கூடி நின்றார்கள். அடுப்பில் புதுப் பானை. அவள் கையில் தீப்பெட்டி.

"மூட்டட்டோ அக்கா?"

"ஓம், மூட்டு."

அவள் உடனே மூட்டவில்லை. என்னையே பார்த்தாள். "வடிவாச் சொல்லுங்கோ. மூட்டட்டோ?"

"மூட்டு, நேரம் போகுது" என்றேன்.

பால் பொங்கி நாலாபக்கமும் வழிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அவள் போனோடு மாடிக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"லண்டன்ல எங்கட தெருவிலயும் சைவ ஆக்கள் இருக்கினம் அக்கா. பத்தே முக்கால் என்ன நேரம் எண்டு எனக்குப் போன கிழமையே தெரியும். அந்த நேரம் எங்களை ஒண்டும் செய்யாது. நீங்களே உண்மையைச் சொல்லுவீங்கள் எண்டுதான் பாத்தனான். ரெண்டு தரம் கேட்டனான்."

ஃபாதர் வரப்போகிறார், சமையல் இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

இரண்டு கிழமை கழித்து வேலைக்கு வந்தாள். வழக்கம்போல எனக்கும் சேர்த்துத் தேநீர் போட்டுக்கொண்டு வந்து வைத்தாள். பயணம் எப்படி என்று கேட்டேன், நல்லாயிருந்தது என்று சிரித்தாள். பிறகு, சீனி போதுமா என்று கேட்பதற்கு, இல்லத்தில் வெள்ளைக்காரர்கள் கூப்பிடுவதுபோல என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

இன்றுவரை பெயர்தான்.