வைட்ஃபீல்டில் பழுக்காத தக்காளி

“...மே மாசத்துல நாமளே ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு நடுங்குறோம், அது எப்படிண்ணா பழுக்கும்?” என்கிறார் லட்சுமி, வேலிக்கு அந்தப் பக்கமிருந்து. நான் பஸ்ஸுக்கு நிற்கிறேன். அவரும் கணவரும் காவல் காத்த காலி மனையில் நாளை கட்டட வேலை தொடங்குகிறது. அவர்கள் குடியிருந்த கொட்டகையை இன்றே காலி செய்ய வேண்டும். வெயிலே காணாத குளிரில் அவருடைய தக்காளிச் செடிகளில் பாதிப் பூ உதிர்ந்துவிட்டது. மிஞ்சிய காய்கள் கல் மாதிரிப் பச்சையாகவே நிற்கின்றன.

“செடியையும் எடுத்துட்டுப் போயிடும்மா.”

“எங்கண்ணா நடுறது? போற எடத்துல மாடி ரூமு, கைப்பிடி மண்ணு கிடையாது.”

லக்கேஜ் ஆட்டோவிலிருந்து கணவர் கத்துகிறார்: “பழுக்காத செடிமேல என்ன பாசம்? வா புள்ள!”

“வேரோட தலைகீழா தொங்கவிட்டா காயி ஒண்ணு ரெண்டாவது பழுக்கும்யா.”

லட்சுமி ஒரு செடியை வேரோடு பிடுங்கி, பாத்திர மூட்டைக்கு மேலே, ஆட்டோ கம்பியில் தலைகீழாகக் கட்டுகிறார்.