பால்மா டின்னுக்குள் நேரம்

சாக்கை அவிழ்த்ததும் ஜெறோம் முதலில் மூக்கைத்தான் உள்ளே விடுவார். கண்ணுக்கு வேலை பிறகுதான். ஆட்டு மயிர், கறுவாப் பட்டைத் தூள், கருவாட்டுக் கடையில் கேட்டு வாங்கிய வெறும் சாக்கு, பள்ளிக்கூடப் பிள்ளை யாரோ போட்டுக் கிழித்த சப்பாத்து. ஒவ்வொன்றாக முகர்ந்து, நேற்றைய வாசனை இல்லாத ஒன்றைத் தனியே எடுத்து வைப்பார். "நேத்தும் கறுவா, இன்னைக்கும் கறுவான்னா அது என்னய ஏறெடுத்தும் பாக்காது" என்பார். அது என்றால் மெனிக்கா. கேகாலைப் பக்கத்து மிருகக்காட்சிச்சாலை ஒன்றில் இருக்கும் ஒன்பது வயதுப் பெண் சிறுத்தை.

ஜெறோமுக்கு நாற்பத்தேழு வயது. ஒல்லி. வேலை நாளில் சவர்க்காரம் போட மாட்டார், தலைக்கு எண்ணெய் வைக்க மாட்டார். தம் வாசனை சாக்குக்குள் போய்விடக் கூடாதாம். அதனால் காலை பஸ்ஸில் அவருக்குப் பக்கத்து சீட் எப்போதும் காலியாகவே இருக்கும். கொண்டக்டர் கேலி செய்யாமல் விடமாட்டான்.

"ஜெறோம் ஐயே, இன்னைக்கி சாக்குல என்னா?"

"புலிக்குச் சாமான். கிட்ட வந்து மோந்து பாரு, அப்புறம் நீயும் சாமான்தான்."

மிருக வைத்தியர் நிரோஷா இந்த வேலைக்கு ஆங்கிலத்தில் ஒரு நீளமான பெயர் சொல்வார். ஜெறோம் சொல்வது "பொழுது போக வைக்கிற வேல." இறைச்சியைத் தட்டில் வைத்தால் சிறுத்தை ஐந்து நிமிடத்தில் தின்று முடித்துவிடும். "மிச்ச நாளு பூரா அது என்னா செய்யும்? டீவி பாக்குமா?" ஆகவே இறைச்சியை மரக் கவட்டில் ஏற்றிக் கட்டுவார், கல்லுக்கு அடியில் புதைப்பார், சாக்குக்குள் சாக்காகச் சுற்றித் தொங்கவிடுவார். முன்பு பதினைந்து வருடம் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவர். அந்தக் கத்தி இன்னும் கையில்தான் இருக்கிறது. மரக்கட்டையைச் சுற்றிச் சாய்வாக ஒரு கோடு வெட்டி, மேலிருந்து இறைச்சி இரத்தத்தை ஊற்றுவார். அது கோட்டோடு வழிந்து இறங்கும். பால் சிரட்டை இருக்கவேண்டிய இடத்தில் ஈரல் துண்டு ஒன்று ஒளிந்திருக்கும். மெனிக்கா மேலிருந்து நக்கிக்கொண்டே வந்து அதைக் கண்டுபிடிக்க முக்கால் மணித்தியாலம் ஆகும்.

கஹவத்தைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் எல்லையில், பன்றிக்கு யாரோ வைத்த கம்பிக் கண்ணியில் குட்டியாக மாட்டியது அது. இடது முன்னங்காலில் இரண்டு விரல் போய்விட்டது. காட்டில் விட்டால் வேட்டையாடிப் பிழைக்காது என்று இங்கேயே வைத்துக்கொண்டார்கள். ஜெறோம் வேலைக்கு வந்த காலத்தில் அதற்கு ஒரே தொழில்தான் இருந்தது: நடப்பது. கம்பி வேலியோரமாகப் பன்னிரண்டு எட்டு போகும், திரும்பும், பன்னிரண்டு எட்டு வரும். திரும்பும் இடத்தில் வலது காலை ஒரே இடத்தில் ஊன்றும். அந்த இடத்தில் புல் செத்து, ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் செம்மண் தெரிந்தது.

வைத்தியர் ஒரு பேப்பரும் பென்சிலும் கொடுத்து எண்ணச் சொன்னார். ஒரு திருப்பத்துக்கு ஒரு கோடு. பின்னேரம் இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் மட்டும் நூற்று நாற்பது கோடு விழுந்தது. மூன்றரைக்குத்தான் சாப்பாடு. ஒரு வாரம் எண்ணிவிட்டு ஜெறோம் சொன்னார்: "பசியில நடக்கல டொக்டர். மணி தெரிஞ்சிக்கிட்டு நடக்குது. வரப் போவுதுன்னு தெரிஞ்சா யாரால சும்மா படுத்திருக்க ஏலும்?"

அன்றிலிருந்துதான் இந்தப் பால்மா டின். காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரையான நேரங்களைத் துண்டுத் தாள்களில் எழுதி உள்ளே போட்டு வைத்திருக்கிறார். தினமும் காலையில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். என்ன நேரம் வருகிறதோ அன்று அதுதான் சாப்பாட்டு நேரம். இறைச்சி வெட்டும் பளீலுக்குத்தான் இதில் தொல்லை.

"கல்யாண வூட்டுலயும் இப்பிடி ஒரு சமையல் செஞ்சதில்ல ஜெறோம். ஒழுங்கா ஒரு நேரத்த சொல்லுங்களேன்."

"எனக்கே தெரியாது பளீல் பாய். டின்னுக்குத்தான் தெரியும்."

ஆறு மாதத்தில் கோடுகள் நூற்று நாற்பதிலிருந்து இருபதுக்கு இறங்கின. செம்மண் தட்டில் புல் முளைத்தது.

ஜெறோமுக்கு மட்டும் நேரம் நிலையாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தரை. மனைவி மெரினா சைப்ரஸில் நான்கு வருடமாக ஒரு முதிய பெண்மணியைப் பராமரிக்கிறார். கேகாலையில் முறையாகப் பராமரிப்புப் பயிற்சி எடுத்துக்கொண்டு போனவர். எண்பத்தாறு வயதான அந்தப் பெண்மணியை அங்கே எல்லோரும் யாயா, அதாவது பாட்டி, என்கிறார்கள். மதியம் சாப்பிட்டு யாயா கண்ணயரும் நேரம் இங்கே ஐந்தரை. அப்போதுதான் மெரினா போன் எடுப்பார். தோட்டத்து லய வீட்டு வரிசையில், ஜெறோம் இருக்கும் கடைசிக் காம்பராவில், சிக்னல் கிடையாது. மதகுக்கும் அந்தோனியார் கோயில் படிக்கும் நடுவில்தான் கிடைக்கும். நாலரைக்கே போய்விடுவார். மதகிலிருந்து படி வரை போவார், திரும்புவார், வருவார்.

ஒரு ஞாயிறு பலாக்காய் வாங்க அந்தப் பக்கம் வந்த பளீல், கொஞ்ச நேரம் ஓரமாக நின்று பார்த்தார்.

"மெனிக்காவுக்கு பேப்பர் இரிக்கி. ஒங்களுக்கு யாரு கோடு போடுற?"

ஜெறோமுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அன்றைக்கு மெரினா எடுத்ததும் அதைத்தான் முதலில் சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மெரினா காரியக்காரி. யாயாவின் கை ஓயாமல் சேலைத் தலைப்பைப் போலப் போர்வை நுனியைத் திருகுவதைக் கண்டு, ஒரு கூடைத் துவாய்த் துண்டுகளை மடிக்கக் கொடுத்தவர். "மடிச்சி முடிச்சா உள்ளுக்குக் கொண்டு போயி உதறிக் கலைச்சிட்டு திரும்பக் குடுப்பேங்க. 'இன்னுமா இருக்கு'ன்னு கேக்கும். ஆனா சந்தோசமா மடிக்கும்." நாம ரெண்டு பேரும் ஒரே வேலதான் செய்யிறோம் என்று ஜெறோம் சொல்வது இதனால்தான். அப்படிப்பட்டவருக்கு, புருஷன் மதகில் ஒரு மணித்தியாலம் நடக்கிறார் என்று கேட்டதும் மருந்து கையிலேயே இருந்தது.

"இனி ஞாயித்துக்கெழமயில எடுக்க மாட்டேங்க. நானும் ஒரு போத்தல்ல துண்டு எழுதிப் போட்டுக்கிறேன். என்னா வருதோ அன்னைக்கி எடுப்பேன். நீங்க காத்துக்கிட்டு நிக்கத் தேவல்ல."

"அது புலிக்கு மெரினா."

"புலிக்கு நல்லதுன்னா ஒங்களுக்கு நல்லதில்லயா?"

ஜெறோம் ஒத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அழைப்பு வந்த நேரங்கள்: ஒரு செவ்வாய் காலை பத்து மணி, ஜெறோம் மரத்தின் மேல் இருந்தார். ஒரு வெள்ளி, பஸ்ஸில் நெரிசலுக்குள் நின்றார். ஒரு புதன், காம்பராவில் இருந்தார், சிக்னல் இல்லை. சிறுத்தைக் கூண்டுப் பக்கம் போன் கொண்டு போகக் கூடாது, லொக்கரில் வைத்துவிட வேண்டும். லொக்கருக்குள் மணி அடித்தால் பளீல் இரத்தக் கையோடு ஓடிவந்து கூப்பிடுவார். ஜெறோம் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் நின்றுவிடும். மெனிக்காவுக்கு இரண்டு சாப்பாட்டுக்கு நடுவில் கட்டை இருந்தது, சாக்கு இருந்தது, புது வாசனை இருந்தது. ஜெறோமுக்கு இரண்டு அழைப்புக்கு நடுவில் எதுவும் இல்லை. இரண்டு மாதத்தில் பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டார். காலைச் சோற்றுப் பொட்டலத்தில் பாதியைப் பளீல் இறைச்சி வெட்டும் இடத்துக் காக்கைகளுக்கு வீசினார்.

இதற்கிடையில் பெரிய கேள்வி ஒன்று இருந்தது. மெரினாவின் ஒப்பந்தம் ஜனவரியோடு முடிகிறது. இன்னும் இரண்டு வருடம் இருக்கும்படி யாயாவின் மகள் கேட்டுக்கொண்டிருந்தாள். இரத்தினபுரியில் தாதியர் பயிற்சியில் இருக்கும் ஜெறோம், மெரினாவின் மகளுக்கும் படிப்பு முடிய இரண்டு வருடம் இருந்தது. "நத்தாருக்கு முன்னுக்கு ஒரு முடிவு சொல்றேங்க" என்று மெரினா சொல்லியிருந்தார். ஜெறோம் காம்பராவுக்குச் சுண்ணாம்பு அடித்தார். பின்பக்கம் குளிக்கத் தகரம் அடித்து மறைவு கட்டினார். குழாயை ஒரு சாண் இறக்கி வைத்தார். மெரினா குட்டை.

நத்தார்ப் பண்டிகை நெருங்கும் டிசம்பர் இரண்டாவது வாரம் பெட்டி வந்தது.

தோட்டத்தில் இதற்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. ஊருக்கு வருகிறவர்கள் பெட்டி அனுப்ப மாட்டார்கள். சாமானைக் கூடவே கொண்டுவருவார்கள். முன்னால் பெட்டி வந்தால் பின்னால் ஆள் வரவில்லை என்று அர்த்தம். வழக்கமாக வெளிநாட்டுப் பெட்டி வந்தால் லயமே வாசலில் நிற்கும். அன்றைக்கு முச்சக்கரவண்டியிலிருந்து இறக்க அடுத்த காம்பரா அழகமுத்து மட்டும் கை கொடுத்தார். "நல்ல பாரம்" என்றார். தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

உள்ளே இரண்டு சட்டை, சொக்லட், சவர்க்காரம். அடியில் ஒரு துணிப் பையில் காய்ந்த இலை. கடுமையான, கற்பூரம் மாதிரியான வாசனை. கூடவே ஒரு சீட்டு: 'புலிக்கு. யாயா தோட்டத்தில் அவங்களே பறிச்சது.'

ஜெறோம் மதகுக்குப் போய், நேரம் பார்க்காமல், தாமே போன் எடுத்தார். இரண்டாம் தடவையில் மெரினா லைனில் வந்தார்.

"பெட்டி வந்துச்சி."

"அனுப்புன ரெண்டு சேட்டும் அளவா இருக்கா?"

"லூசு."

"மெலிஞ்சிட்டீங்களா? சாப்புடுறீங்களா இல்லையா?"

"ரெண்டு வருசமா மெரினா?"

"ஆமாங்க." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "பெட்டி போட்ட அன்னைக்கே கையெழுத்து வச்சிட்டேன். சொல்லத்தான் வாய் வரல. புள்ளைக்குப் படிப்பு இருக்கு. இங்கயும் புதுசா ஒருத்திய கொண்டாந்து பாத்தாங்க. யாயா மூணு நாளு வாயே தொறக்கல. தண்ணிகூட குடிக்கல. நா போயி கன்னத்துல கைய வச்சப் பொறகுதான் முழுங்குச்சி."

இதற்கு ஜெறோமால் எதிர்த்துப் பேச முடியாது. போன வருடம் காய்ச்சலில் ஒரு வாரம் அவர் வேலைக்குப் போகாதபோது, வேறு ஆள் கட்டிய இறைச்சி மெனிக்கா தொடாமல் ஈ மொய்த்துத் தொங்கியது. "சரி புள்ள" என்றார். பிறகு, "ஒன்னு செய்யி. அந்தப் போத்தல தூக்கிப் போடு."

"எந்தப் போத்தல்?"

"நேரம் போட்டு வச்சிருக்கியே, அது. பழையபடி ஞாயித்துக்கெழம அஞ்சரைக்கே எடு."

"அப்ப மறுபடி அந்த மதகுல நடப்பீங்களேங்க."

"நடக்குறேன். அதுக்காவது ஒரு நேரம் இருக்கட்டும்."

மறுநாள் காலை அந்த வெறும் பெட்டி சாக்கோடு பஸ்ஸில் போனது. கொண்டக்டர் அதைப் பார்த்துவிட்டு டிக்கட் மட்டும் கிழித்துக் கொடுத்தான். பெட்டியைக் கூண்டுக்குள் வைக்குமுன் ஒட்டு நாடாவை முழுவதும் உரித்துவிட வேண்டும், விழுங்கினால் குடலில் சிக்கும். மெரினா தம் பெயரையும் விலாசத்தையும் நாடாவின் மேலேயே பெரிதாக எழுதியிருந்தார். ஜெறோம் வழக்கம்போல நகத்தால் நுனியைக் கிளப்பி, ஒரே இழுப்பில் உரித்து, உருண்டையாகச் சுருட்டிக் குப்பை வாளியில் போட்டார். காய்ந்த இலையில் ஒரு கைப்பிடியைப் பெட்டிக்குள் கசக்கித் தூவினார்.

மெனிக்கா பெட்டியை மூன்று முறை சுற்றி வந்தது. மூலையில் தாடையைத் தேய்த்தது. பிறகு தனக்குக் கொள்ளாத அந்தப் பெட்டிக்குள் பின்பக்கமாக நுழைந்து, பக்கங்கள் பிதுங்க உட்கார்ந்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டது. ஜெறோம் பென்சிலோடு ஒரு மணித்தியாலம் நின்றார். தாளில் ஒரு கோடும் விழவில்லை. வைத்தியர் நிரோஷா எட்டிப் பார்த்துவிட்டு, "நியமய் ஜெறோம்!" என்று சிங்களத்தில் பாராட்டித் தோளில் தட்டிவிட்டுப் போனார். ஜெறோம் பூச்சியம் போட்டு, தேதி எழுதி, கையெழுத்து வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் சவர்க்காரம் போட்டுக் குளித்தார். தோள் இறங்கி நிற்கும் அந்தப் புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு மதகுக்கு வந்தார். இரண்டு மாதம் ஆள் நடக்காததில் பாதையோரம் புல் தலை காட்டியிருந்தது. போனை மேல் பையில் வைத்து, ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு நடக்கத் தொடங்கினார். கோயில் படியருகே போனதும், முளைத்திருந்த அந்தப் புல்லின் மேல் வலது காலை ஊன்றித் திரும்பினார். மணி அப்போது நாலே முக்கால்.