அக்காவின் குரலுக்கு எந்த மொழி

இந்த நாட்டில் ஒருவர் பேசி முடித்ததும் மற்றவர் உடனே வாயைத் திறப்பதில்லை. நடுவில் ஒரு மூச்சு நேரம் அமைதி. ஸ்வீடனுக்கு வந்த புதிதில், ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டேன் போல என்று பதறி நானே மறுபடி பேசத் தொடங்குவேன். அவர்கள் மறுபடி காத்திருப்பார்கள். இத்தனை வருடம் கழித்தும் அந்த அமைதி எனக்கு எரிச்சல்தான். இதில் என் வேலையே உரையாடல் எழுதுவது. வீடியோ கேமில் வரும் மனிதர்களைப் பேசவைப்பது.

நான் கேம் ஆடப் பழகியது திருப்பதியில். வெளிநாட்டுச் சாமான்கள் கடைகளில் குவியத் தொடங்கிய காலம் அது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு கேம் பார்லர் முளைத்திருந்தது. ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் ஊர் நகரியிலிருந்து கல்லூரிக்குப் போய்வந்த அக்கா கௌரி, விடுமுறையில் என்னையும் கூட்டிப்போவாள். ஆடுவது ஒருவர், முதுகுக்குப் பின்னால் நின்று ஆட்டுவிப்பது ஊரே. ஒருவன் தெலுங்கில் குதிக்கச் சொல்வான், இன்னொருவன் தமிழில் நிற்கச் சொல்வான். அக்கா இரண்டு மொழியிலும் திட்டிக்கொண்டே ஜெயிப்பாள்.

போன வருடம் எங்கள் நிறுவனம் எடுத்துக்கொண்ட கேம் எதிர்காலத்தைப் பற்றியது. வறட்சிக்குத் தப்பிப் பல நாடுகளிலிருந்து வந்தவர்கள் சேர்ந்து ஓர் ஊர் கட்டுகிறார்கள். சண்டை கிடையாது, பேசிப் பேசியே ஊரை நிலைக்கவைக்க வேண்டும். அதில் ஓர் இந்தியப் பெண், அவளுக்கு அசல் குரல் வேண்டும் என்றார் குழுத் தலைவர் யூஹான். அக்காவைக் கேட்டேன். திருப்பதியில் ஒரு மருத்துவமனை வரவேற்பு மேசையில் நாள் முழுக்கப் பேசுவதுதான் அவள் பிழைப்பு. சரி என்றாள். குழு எழுதிய வசனத்தையும் படத்தையும் அனுப்பிய மறுநாள் அவளே கூப்பிட்டாள்.

“ரோபோலாம் கீது, வண்டி வானத்துல போவுது. ஊட்டுக்குள்ள ஒரு கொழா மட்டும் இல்லியா? அப்பவும் பொம்பளதான் கொடம் தூக்கினு நடக்கணுமா?”

படத்தில் அந்தப் பெண் இடுப்பில் குடத்தோடுதான் நின்றாள். அது படம் வரைந்தவர் முடிவு, என் கையில் இல்லை என்றேன். அப்படியானால் தன் குரலும் இல்லை என்றாள். இருப்பதைப் படித்துக் கொடுத்தால் என்ன என்று நானும் கத்தினேன். கடைசியில், அந்தப் பெண் வேறு என்னதான் சொல்ல வேண்டும் என்று கேட்டதற்கு, மேசையில் உட்கார்ந்து பேசுவதுபோலவே பதிவுசெய்து அனுப்பினாள்.

“அந்தரு கூச்சோண்டி. யாருக்கு இன்னா வேணும்னு கேட்டுக்கினே வரேன்.”

எல்லோரையும் தெலுங்கில் உட்காரச் சொல்லிவிட்டுத் தமிழில் விசாரிக்க வருகிறாள். ஒரே மூச்சு.

யூஹானுக்குக் குரல் பிடித்துவிட்டது. குடத்தை எடுக்கவும் சம்மதித்தார். ஆனால் ஒரு பாத்திரத்துக்கு ஒரு மொழிதான் குறிக்க முடியும், எது இவருடைய மொழி என்றார். இரண்டும் என்றேன். அந்த ஒரு மூச்சு அமைதி. பிறகு, இவர் எப்போது குடிபெயர்ந்தார் என்று அக்கறையோடு கேட்டார். குடிபெயர்ந்தவள் நான், அவள் பிறந்த வட்டாரத்தை விட்டு நகரவில்லை என்றேன். அப்படியானால் அம்மா ஒரு மொழி, அப்பா ஒரு மொழியா? இல்லை, இருவரும் தமிழ். அவர் இன்னும் கனிவாகத் தலையாட்டினார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பல நாட்டு மக்கள் கூடி வாழும் ஊரைக் கற்பனை செய்துவிட்டார்கள். ஒரு வாய்க்குள் இரண்டு மொழி கூடி வாழும் என்று மட்டும் கற்பனை ஓடவில்லை. ஒரு வாரம் மல்லுக்கு நின்றேன். அக்காவின் வசனம் வெட்டுப்படாமல் தப்பியது. மொழி என்ற கட்டத்தில் ‘மற்றவை’ என்று போட்டுக்கொண்டார்கள்.

கேம் வெளிவந்த வார ஞாயிறு, எனக்குப் பகல், அக்காவுக்குச் சாயங்காலம். ஃபோனைக் காதில் வைத்தபடி இருவரும் ஒரே நேரத்தில் ஊருக்குள் நுழைந்தோம்.

“எங்கடி கீற? நான் கூட்டம் போடற மரத்தாண்ட நிக்கறேன்” என்றாள்.

நானும் அந்த மரத்தடியில்தான் நின்றேன். சுற்றிலும் யார் யாரோ. அவள் இல்லை. திரையின் ஓரத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. கணக்கு எந்த நாட்டுடையதோ அதன்படி சர்வர்: அவள் ஆசியா, நான் ஐரோப்பா. அதே ஊர், அதே மரம், ஒன்றையொன்று அறியாத இரண்டு ஊர்கள்.

சொல்ல வாயெடுப்பதற்குள், மரத்தடியில் நின்ற கேமின் அந்த இந்தியப் பெண் என் பக்கம் திரும்பினாள். அக்காவின் குரலில் தெலுங்கில் உட்காரச் சொன்னாள். எனக்கு என்ன வேண்டும் என்று தமிழில் கேட்டாள். காதில் அக்கா இன்னும் என்னைத் தேடிக்கொண்டிருந்தாள்.