அஃப்ராகோமாவின் வியாழக்கிழமைகள்

2 மார்ச் 2017: நூற்றுக்கு 74
9 மார்ச்: 29
16 மார்ச்: 71
23 மார்ச்: 31
30 மார்ச்: 28

எலும்பு விட்டுப்போன இடத்தில் சாரம்போல வைப்பதற்கான சிறு பாலிமர் சட்டங்களில் ஒட்டிக்கொண்ட செல்களின் கணக்கு இது. கானா நாட்டின் குமாசி நகரில் உள்ள எங்கள் ஆய்வுக்கூடத்தில் பதிவேடு எழுதுபவன் நான். செல்களைச் சட்டத்தின்மேல் விட்டு, மறுநாள் எண்ணியவள் அஃப்ராகோமா.

கண்ணாடிக் குடுவை கழுவ வந்தவள். மூன்றே ஆண்டில் செல் வளர்க்கக் கற்றுக்கொண்டாள். தட்டை வெப்பப்பெட்டிக்குள் வைக்கும்போது, தூங்கும் பிள்ளையைக் கிடத்துவதுபோல முழங்கையை மெல்ல இழுத்துக்கொள்வாள். வேலை தற்காலிகம். ஆறு மாத நீட்டிப்புக் கடிதம் இரண்டு முறை வந்துவிட்டது. ஏப்ரல் சோதனையும் கெட்டால் மூன்றாவது கடிதம் அவளை வீட்டுக்கு அனுப்பும்.

அந்தப் பாலிமர் தண்ணீரை ஏற்காது. செல்லும் அதில் நிற்காது. பிளாஸ்மா பெட்டியின் ஊதா ஒளியில் இரண்டு நிமிடம் வைத்தால் இரண்டையும் ஏற்கும். பெட்டி பக்கத்துத் துறையினுடையது. எங்களுக்கு வியாழன் மட்டும்.

"உன் கையிலதான் ஏதோ இருக்கு. மீன் தின்னுட்டுக் கழுவாம வந்தியா?" என்றார் ஆய்வுக்கூடத் தலைவர் டாக்டர் டொம்ஃபே, எண்ணிக்கை மறுபடி விழுந்த ஒரு நாள்.

"சோளமாவுக் கெங்கேயும் மீனும் நீங்களுந்தான் தின்னீங்க டாக்டர். செல்லுக்கு என்மேல மட்டும் என்ன கோபம்?"

சிரித்தாள். ஆனால் அன்று மதியம் சாப்பிடவில்லை.

ஏப்ரல் 4, செவ்வாய். 28 என்று எண்ணி முடித்திருந்தோம். மிஞ்சிய சட்டம் ஒன்றில் ஒரு சொட்டு நீர் விட்டாள். அது மணிபோல உருண்டு நின்றது.

"மாமா, இங்க வாங்க," என்று என்னைக் கூப்பிட்டாள். " வியாழக்கிழமை குடிச்ச தண்ணிய இன்னைக்கு வேண்டாங்குது. எந்தெந்த வாரம் நாம சாவுக்குப் போனோம்?"

வருகைப் பதிவேட்டைப் பார்த்தேன். மார்ச் 9, 23, 30 வாரங்களில் சனிக்கிழமைச் சாவுச் சடங்குகளுக்கு வெள்ளியன்றே எல்லோரும் கிளம்பியிருந்தோம். செல் விட்டது திங்களன்று. மற்ற இரண்டு வாரமும் மறுநாளே விட்டிருந்தோம். சாவுக்குப் போவதைத் தாமதமாக யாரும் எண்ணியதில்லை, டாக்டரும்தான்.

பிப்ரவரியில் இறந்து, எங்கள் வழக்கப்படி பிணவறையில் காத்திருந்த அவளுடைய சின்னம்மாவின் அடக்கத்துக்கு ஏப்ரல் 8, சனிக்கிழமை நாள் குறித்திருந்தது. அவளை வளர்த்தவர் அவர்தான். கடைசிச் சோதனைக்கான வியாழன் ஏப்ரல் 6.

"போகாதேன்னு என்னால சொல்ல முடியாது. சொன்னா எங்கம்மாவே குழியிலேர்ந்து எழுந்து வந்து அடிப்பா," என்றார் டாக்டர்.

அவள் நகத்தைக் கடித்தபடி நின்றாள். "உரிச்ச மரவள்ளிய வெளியில வச்சா கறுத்துப்போகுது. தண்ணியில போட்டா நாளைக்கும் வெள்ளையா இருக்கு. இதையும் காய விடாம வச்சா?"

"மரவள்ளிய நம்பியா வேலையப் பணயம் வைக்கிற?"

"பாதிய எப்பவும்போல உறையில வைக்கிறேன் டாக்டர். பாதி தண்ணியில. ரெண்டும் கெட்டா நான் சோத்துக்கடையில ஃபூஃபூ இடிக்கப் போறேன்."

வியாழனன்று பிளாஸ்மா பெட்டியிலிருந்து எடுத்ததும் ஆறு சட்டங்களைக் கிருமி நீக்கிய நீரில் இறக்கினாள். ஆறை உலர்ந்த உறையில் வைத்தாள். மறுநாள் துக்கத்துக்கான சிவப்பும் கறுப்பும் உடுத்தி, சின்னம்மாவின் ஊரான மாம்பொங்குக்குக் கிளம்பினாள். அழுதழுது குரல் கட்டித் திங்கள் காலை திரும்பி, வந்த வேகத்திலேயே செல் விட்டாள்.

செவ்வாய் எண்ணினோம். உறையில் இருந்தவை 30. நீரில் இருந்தவை 69.

அவள் எண்ணும் கருவியைக் கீழே வைக்கவில்லை. "இன்னொரு தடவ எண்ணிடுறேன் மாமா," என்றாள். எண்ணினாள். 69.

டாக்டர் அவள் கைகளைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மீன் வாசனையே இல்லையே," என்றார். அப்போதுதான் அவள் அழுதாள்.

அவள் பணியை நிரந்தரமாக்கிய மூன்றாவது கடிதம் வந்து சேர்ந்தது 19 மே 2017, வெள்ளிக்கிழமை. அதன்பின் வேறு கடிதம் தேவைப்படவில்லை.